பத்து எண்ணும் வரை

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி புதன்கிழமை கூரியரில் வந்தது. அப்பாதான் உறையைப் பிரித்தார். எழுத்தின் மேல் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தெருவுக்குத் தெரு அச்சகம் இருக்கிற திருத்தங்கலில் இருந்துகொண்டு, நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னையில் பத்திரிகை அடித்ததைப் பற்றி நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று நினைத்தாரோ என்னவோ, முந்திக்கொண்டு, "எங்கன அடிச்சா என்ன, அட்டை நம்ம ஊருல வெட்டுனதுதான்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. பிறகு தன் பெயர் இருக்கிற வரியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டுப் பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஆவணி பிறந்ததும் ஒருநாள் வந்து குலசாமிக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன் என்று போனில் சொன்னாய். கல்யாணத்துக்கு அப்பா அலைய வேண்டாம் என்றும் சொன்னாய். அவர் உடம்பை நினைத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னாய். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக நீ அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடு பேசி முடித்ததும் வைத்துவிடுகிறாய். அப்பாவிடம் கொடு என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நான் பேசுகிற நேரம் முழுவதும் அவர் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளைப் பக்கம் திருப்பாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போனை வைத்ததும்தான் பக்கம் திரும்பும்.

காரணம் நம் மூவருக்கும் தெரியும். அப்பா மருந்தை ஒழுங்காக எடுக்காமல், எடுத்தேன் என்று பொய் சொல்லி, தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று நீ நம்புகிறாய். அது தப்பு. நீ வந்து அவர் முன்னால் நிற்பதற்குள் அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல முடியாது, போன் இருக்கிற அறையில்தான் அவரும் இருக்கிறார். நேரில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. உனக்கே தெரியும், நான் எதையும் எளிதில் சொல்கிறவள் இல்லை, எதையும் எளிதில் நம்புகிறவளும் இல்லை. அந்த இரண்டாவது குணத்தைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும். மூச்சு மருந்துக்கு இன்ஹேலர் வைத்திருக்கிற வேறு வீட்டுக்காரர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் ஆய்வறையில் சேர்ந்தபோது எங்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொடி வகைகளைச் சோதித்து, ஈரம் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆட்கள் என்னைக் கெமிஸ்டம்மா என்றார்கள். அப்பாவும் கேலிக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் வீட்டிலும் அதுவே என் பெயராகிப் போனது. அவர் கலவை அறைக்குப் போர்மேன். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்து, தட்டில் அள்ளி, காகிதத்தின் மேல் கவிழ்த்துக் கையால் கலக்குவார்கள். மூக்கில் துண்டு கட்டியிருப்பார்கள். வெயில் ஏறினால் துண்டு வியர்வையில் ஊறிக் கழுத்துக்கு இறங்கிவிடும்.

ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். தட்டைக் கவிழ்க்கிற அந்த நேரத்தில்தான் பொடி புகைபோல எழுகிறது. எழுந்தது கதவுகள் வழியாகக் கலைந்து போக ஏறக்குறையப் பத்து எண்ணுகிற நேரம் ஆகிறது. அன்றைக்கே ஆட்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். தட்டைக் கவிழ்ப்பதற்கு முன்னால் மூச்சை நிறுத்துங்கள். கவிழுங்கள். பத்து எண்ணுங்கள். பிறகு கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சு விடுங்கள். சுண்ணாம்புப் பொடியை வைத்து ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொன்னேன். முகமூடி வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். தீபாவளி சீசன் முடியட்டும் என்றார்கள். சீசன் முடிந்தது, நானும் மறுபடி கேட்கவில்லை. பத்து எண்ணுவது எங்கள் அறையில் நன்றாக நடந்துகொண்டிருந்தது, அதனால் கேட்கத் தோன்றவில்லை. இது என் முதல் தப்பு, ஆனால் இதைச் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை.

அப்பா அந்தப் பழக்கத்தை விட்டதே இல்லை. ஆட்கள் மறந்தால் வாசலில் இருந்து "பத்து" என்று ஒரு குரல் கொடுப்பாராம். அவருடைய உடம்பு அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. நான் சமையலறையில் மாவு சலித்தால், அந்தப் பக்கம் வந்தவரின் மார்பு அப்படியே நிற்கும். முடி வெட்டுகிற கடையில் கழுத்தில் பவுடர் போடும்போதும் அப்படித்தான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிப் பவுடர் போட அவர்தான் உன்னைத் தூக்கிப் பிடிப்பார், போட்டு முடிக்கும் வரை மூச்சு விடமாட்டார். முகம் சிவந்துபோய் நிற்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். கொஞ்சம் வளர்ந்ததும் பம்புசெட் தொட்டியில் உன்னோடு முங்கிப் போட்டி வைத்தாரே, நினைவிருக்கிறதா? ஒரு தடவையும் நீ ஜெயித்ததில்லை. நீ தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்து, பிறகு அவர் எழாததைப் பார்த்துப் பயந்து அழுதிருக்கிறாய். அவர் நிதானமாக எழுந்து, "ஏலே, பத்தே பத்துதான எண்ணுனேன், அதுக்கா அழுத" என்பார். அவருடைய மூச்சை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

நீ காலேஜில் கடைசி வருஷம் இருந்தபோது அவருக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். நிற்பது தெரியாமல் இருக்க யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார். விருதுநகரில் நெஞ்சு டாக்டரிடம் போனோம். மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போன நாள்பட்ட வியாதி என்றார். முழுக்கக் குணமாகாது, ஆனால் மருந்தை ஒழுங்காக உள்ளே இழுத்தால் பல வருஷம் நன்றாக நடமாடலாம் என்றார். முதலில் கொடுத்தது மாத்திரைக் கூடு மாதிரி ஒன்று. அதைச் சின்னக் குழலில் போட்டு உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியை வேகமாக உறிஞ்ச வேண்டும். அப்பா ஒரு கூட்டை உடைத்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "இம்புட்டு வருசமும் உள்ள போகாம பாத்துக்கிட்ட பொடிய, இப்பம் நானே இழுக்கணுமாக்கும்?" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதனால், அழுத்தினால் பீய்ச்சுகிற இன்ஹேலரை டாக்டர் எழுதினார். அப்பா அதற்குப் பம்பு என்று பெயர் வைத்தார்.

வெளியே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அந்தப் பம்பை வாயருகே பிடித்து, அழுத்தாமலேயே, இப்படி என்று ஒரு தடவை காட்டினார். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், படித்தவர்கள்தானே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க விரும்பவில்லை, பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்து, வரிசையாகப் படங்கள். குலுக்கு, மூச்சை வெளியே விடு, வாயில் வைத்து உதட்டை மூடு, மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்து, இழுத்துக்கொண்டே இரு. கடைசிப் படத்தில், மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு பத்து எண்ணு. அந்தப் பத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தாளை அவரிடம் நீட்டி நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நீங்க கலவை ரூம்புல செய்வீகளே, அதேதான். புதுசா ஒண்ணும் இல்ல. அழுத்துங்க, மூச்சப் பிடிங்க, பத்து எண்ணுங்க."

அவர் அதையேதான் செய்தார். கலவை அறையில் செய்ததைச் செய்தார். முதலில் மூச்சை நிறுத்தினார், பிறகு அழுத்தினார், பிறகு பத்து எண்ணினார், பிறகு முகத்தைத் திருப்பி மூச்சு விட்டார். மருந்து வாய்க்குள் நின்றது, நாக்கில் படிந்தது, மிச்சம் வெளியே வந்தது. நுரையீரலுக்குப் போக வழியே இல்லை, அவர் வாசலைச் சாத்திக்கொண்டுதான் அழுத்தினார். நான் எதிரே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பத்து வந்ததும் சரி என்று தலையாட்டினேன். காலையும் மாலையும், வருஷக்கணக்காக. எத்தனையோ மூட்டைகளில் ஒரு பிடி எடுத்துச் சோதிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அவருடைய மார்பு மேலே எழுகிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோய் கூடிக்கொண்டே போனது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்பார், எடுக்கிறார் என்று நான் சொல்வேன். அவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். எப்படி எடுக்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா வேலையிலிருந்து நின்றார். அப்போதுதான் நீ அந்தப் பொங்கலுக்கு வந்தாய்.

அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியும். சென்னையில் உன் கூட வேலை செய்கிற பையனின் அப்பா இதே வியாதியோடு தினமும் கடற்கரையில் நடக்கிறார் என்று ஆரம்பித்தாய். நீங்கள் மருந்து எடுப்பதே இல்லை என்றாய். "எடுக்கேன்ல" என்றார். அப்படியானால் என் முன்னால் எடுங்கள் என்றாய். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, உன் முன்னால் உட்கார்ந்து எடுத்தார். பத்து முடிந்ததும் வாயோரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது. நீதான் அதைப் பார்த்தாய். "பூராத்தையும் வெளிய ஊதுறீங்க. யாரை ஏமாத்துறீங்கப்பா? நடிக்கிறீங்க" என்றாய்.

தம்பி, எங்கள் எல்லோரையும்விட உண்மைக்குப் பக்கத்தில் அன்றைக்கு வந்தவன் நீதான். கண்ணால் சரியாகப் பார்த்தாய், மனதால் தப்பாகப் புரிந்துகொண்டாய். நான் அந்தப் புகையைப் பல நாள் பார்த்திருக்கிறேன். உள்ளே போனது போக மிச்சம் என்று நினைத்தேன். நீ சொன்னபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் சொல்லிக் கொடுத்தவள் நான் என்பதால், சொல்லிக் கொடுத்ததில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தகப்பனும் மகனும் மோதுகிறார்கள், நடுவில் போக வேண்டாம் என்று ரசத்தைச் சூடு பண்ணப் போய்விட்டேன். நீ மறுநாள் விடிவதற்குள் பஸ் ஏறினாய்.

அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு முறுக்கு டின் இருக்கிறது. தீர்ந்துபோன இன்ஹேலர் டப்பாக்களை அவர் குப்பையில் போடுவதில்லை. தெருமுனையில் குப்பைக்குத் தீ வைப்பார்கள், காற்று அடைத்த டப்பா நெருப்பில் வெடிக்கும், பட்டாசுத் தொழிலில் இருந்தவர் அதைச் செய்யமாட்டார். முதல் டப்பாவிலிருந்து எல்லாம் அந்த டின்னுக்குள் இருந்தன. நீ அவரை நடிக்கிறார் என்று சொன்னபோது டின் உன் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அவர் குனிந்து இழுத்திருந்தால், ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று அந்த டப்பாக்களே சொல்லியிருக்கும், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நீ போன பிறகு ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "பெத்த பிள்ளகிட்ட டப்பாவ எண்ணிக் காட்டணுமாக்கும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

போன மாசியில்தான் தெரிந்தது. டாக்டரிடம் குழாயில் ஊதவைத்துப் பரிசோதிக்க ஒரு சின்னப் பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். சாத்தூர் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஊதி முடித்ததும் அவள், "அய்யா, வீட்டுல பம்பு எப்படி எடுக்கீகளோ அதே மாதிரி எடுத்துக் காட்டுங்க" என்றாள். யாரும் கேட்டிராத கேள்வி. அப்பா பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையன்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு எடுத்துக் காட்டினார். இன்னொரு தடவை என்றாள். அவருடைய மார்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் இத்தனை வருஷத்தில் அப்படிக் கையை வைத்துப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அய்யா, மூச்சை எப்ப உள்ள இழுத்தீக?"

"இழுக்கலயேம்மா. பிடிச்சுக்கிட்டேன்ல."

அவள் கையை எடுத்தாள். "இப்படி எடுக்கணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மடியில் டாக்டர் சீட்டுகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "யாரும் சொல்லலம்மா. நானாத்தான் பாத்துப் பழகிக்கிட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் உனக்கு எழுதுவதெல்லாம் அந்த அரை நிமிஷத்துக்காகத்தான். அவள் பாவம், இனிமேல் சரியாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் அந்தத் தாளில் படித்த அதே படிகள்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வழியில் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் ஆட்கள் வேலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, "பத்து எண்ணுனதுல தப்பு இல்ல கெமிஸ்டம்மா. முன்னப் பின்ன ஆயிருச்சு, அம்புட்டுத்தான்" என்றார். என்னை மன்னிக்கிற மாதிரிகூட அவர் அதைச் சொல்லவில்லை. கலவையில் ஒரு பொருள் கூடிப்போன சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பெண் சொன்னபடி செய்ய அவரால் முடியவில்லை. நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. அவர் மெதுவாக இழுக்க ஆரம்பிப்பார், விரல் அழுத்தும், புஸ் என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு மார்பு நின்றுவிடும். இருபது வருஷத்துக்கு மேல் அவரைக் காப்பாற்றிய பழக்கம், இப்போது மட்டும் விடு என்றால் உடம்பு கேட்கவில்லை. பிறகு அவள் ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் கூடு கொடுத்தாள். அதற்குள் மருந்தை அழுத்திவிட்டு, முனையில் வாயை வைத்துச் சாதாரணமாக மூச்சு விட்டு இழுத்தால் போதும். அழுத்துவதை நான் செய்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார், மூச்சு ஓடியது. மருந்து முதன்முறையாக உள்ளே போனது.

இரண்டே வாரத்தில் அவர் மாடிப்படி ஏறினார். மேலே நின்று, துணி காயப்போடுகிற கயிறு தொய்ந்து கிடக்கிறது என்று அங்கிருந்தே என்னைத் திட்டினார். ஒரே மூச்சில் முழு வாக்கியம். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குத்தான் உண்மையில் விளங்கியது, இத்தனை வருஷம் என்ன இல்லாமல் போனது என்று. இப்படிப் படி ஏறிய மனிதரோடு நீ சண்டை போட்டிருக்கமாட்டாய். அவர் வேலையை விட்டிருக்கமாட்டார். பங்குனியில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது. மதுரையில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரோடு திரும்பி வந்தோம். ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகப் போயிருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதம்மா, இந்த வியாதி எப்படியும் வளரும் என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று தெரிந்தது. எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். அந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அப்பாவோடு கலவை அறையில் இருந்த மாடசாமியை உனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி உனக்கென்று தனியாகக் கம்பி மத்தாப்புக் கட்டு கொண்டுவந்து தருவாரே, அவர்தான். அவருக்கும் பம்பு கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விஸ்வநத்தத்துக்குப் போனேன். எடுத்துக் காட்டச் சொன்னேன். மூச்சை நிறுத்தினார், அழுத்தினார், விரலை மடக்கிப் பத்து எண்ணினார். அவர் மனைவி பெருமையோடு, "எங்க வீட்டுக்காரரு பிசகாம எடுப்பாரு. அண்ணாச்சி வந்து சொல்லிக் குடுத்தாக, கெமிஸ்டம்மா முறைன்னு" என்றாள். அண்ணாச்சி என்று அவள் சொன்னது அப்பாவை. அவருக்கு ஒரு ஸ்பேசர் வாங்கிக் கொடுத்து, மார்பின் மேல் கை வைத்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இப்போது பரவாயில்லை என்கிறார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் இன்னும் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் பத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த வீடுகளுக்குப் போகிறேன். இரண்டு பேர் வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தகுதி இருக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். உன் வீட்டில் யாராவது ஒன்றைச் செய்கிறேன் என்று சொன்னால், செய்கிறாயா என்று கேட்டு நிறுத்திவிடாதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து பார். நீ ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால், தெரிந்ததைக் காட்டி இது அதே மாதிரிதான் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை யோசி. நான் சொன்ன பொய்களால் இந்த வீட்டில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அதேதான், புதுசா ஒண்ணும் இல்ல என்று தைரியமாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால் வந்தது.

இப்போது அவர் படுப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் தலையணை வைத்துக் கவிழ்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார். சிலிண்டர் இருக்கிற அறையில் நெருப்பு கூடாது என்று சாமி விளக்கைக்கூட அடுப்படிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். அதில் மட்டும் இன்னமும் போர்மேன்தான். காலையும் மாலையும் மருந்தை ஸ்பேசரில் நான் கொடுக்கிறேன், ஒழுங்காகப் போகிறது. பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆவணி வரைக்கும் தாங்குவாரா என்று டாக்டரிடம் கேட்டேன். வர வேண்டியவர்களைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். அதனால் ஆவணிக்குக் காத்திருக்காதே. பத்திரிகை அச்சாகி வரும் வரைக்கும்கூடக் காத்திருக்காதே.

நீ வருகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் ஒரு காரியம் செய்கிறார். மத்தியானம் நான் அடுப்படியில் இருக்கும்போது முறுக்கு டின்னை இழுத்து, மருந்து தீர்ந்த ஒரு டப்பாவை எடுத்துப் பம்பில் மாட்டிக்கொண்டு, ஸ்பேசர் இல்லாமல், பழகிப் பார்க்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "பய வந்தா காட்டணும்ல. குழந்தைக்குப் புட்டி குடுத்த மாதிரி அந்தக் கூட்ட வச்சா காட்ட முடியும்? ஒழுங்கா எடுத்துக் காட்டுறேன், பாத்துட்டுப் போகட்டும்" என்றார். நேற்று என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். ஸ்டூலிலிருந்து முதுகை நிமிர்த்தினார். அந்தப் பெண் சொன்ன வரிசையில் குலுக்கினார், மூச்சை வெளியே விட்டார், உதட்டை மூடினார், இழுக்க ஆரம்பித்தார். டப்பாவில் மிச்சமிருந்த காற்று லேசாகப் புஸ் என்றது. மார்பு நின்றது. கண்ணை விரித்து என்னையே பார்த்துக்கொண்டு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். பத்து வரை அவரால் இப்போது எண்ண முடிவதில்லை, நாலில் விட்டுவிட்டார். சரியாக இருந்ததா என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

நீ வந்ததும் உனக்கும் செய்து காட்டுவார். தப்பாகத்தான் இருக்கும். பார்த்துக்கொண்டிரு. முடிந்ததும், சரியாக எடுக்கிறீர்கள் அப்பா என்று சொல். இத்தனை எழுதிய பிறகு உன்னிடம் கேட்பதற்கு எனக்கு வேறு எதுவும் இல்லை.

அம்மா